வாய் திறவாக் கூட்டாளிகள்

நால்வர் பாயில் அமர்ந்து 304 ஆடும்போது, எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சியினர். தம் கையிலுள்ள சீட்டைப் பற்றிக் கூட்டாளியிடம் ஒரு சொல்லும் சொல்லலாகாது என்பது அவ்வாட்டத்தின் தருமம். ஆயினும், துரும்பு வெளிப்படும் வேளையில் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் திடீரென இருமல் உண்டாவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இருமித் துணை தேடுகிறவன் நல்ல ஆட்டக்காரன் அல்லன். கூட்டாளி இட்ட சீட்டைக் கண்டே அவன் உள்ளத்தை உணர்ந்து, அதற்கேற்பத் தன் சீட்டை இடுகிறவனே ஆட்டம் அறிந்தவன்.

சீட்டாட்டத்தில் விதியாக இருக்கும் இந்த மௌனம் போர்க்களத்தில் விதியன்று, நிலைமை. தூரமும் புகையும் இருளும் ஒரே கட்சித் தளபதிகளைப் பிரித்துவிடுகின்றன. இதை உணர்ந்து, பேசாமல் ஒத்துழைப்பதை ஒரு விளையாட்டின் வழியே பயிற்றியவர்கள் பிரஷ்ய நாட்டவர். றைஸ்விற்ஸ் என்னும் பிரபு, போரை மேசைமீது ஆடுவதற்குரிய சாதனமொன்றைச் செய்து 1812ஆம் ஆண்டில் மன்னர் மூன்றாம் பிரெட்றிக் வில்லியத்துக்கு அளித்தார். பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த அவருடைய மகன் அதனைத் திருத்தியமைத்து, 1824இல் விதிகளை நூலாக வெளியிட்டார்.

நிலத்தை எண்ணாயிரத்தில் ஒரு பங்காகக் குறுக்கிய படம். அதன்மீது சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள். ஒவ்வொரு முறையும் போரின் இரண்டு நிமிடத்துக்குச் சமம். ஆயினும் விளையாட்டின் உயிர்நிலை படமும் அன்று, கட்டையும் அன்று, நடுவரே. எதிரியின் படை எவர் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தால் அதன் கட்டையை அவர் படத்தில் வைப்பதில்லை. ஒரே கட்சியினரும் தம்முள் பேச இயலாது. செய்தியை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். குதிரைவீரன் ஒருவன் அத்தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்தே அவர் அதனைச் சேர்ப்பிப்பார். ஆகவே, வந்து சேரும் கடிதம் எப்பொழுதும் பழைய கடிதமே.

இந்த ஏற்பாட்டில் இருவகை ஆட்டக்காரர் தோற்பர். ஒருவர், கட்டளை வரட்டும் என்று கைகட்டி நிற்பவர். மற்றவர், கூட்டாளி இருப்பதையே மறந்து தம் வெற்றியை மட்டும் நாடி முன்னே பாய்பவர். இவ்விருவருள் முதலாமவரே அதிகக் கேடு செய்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் தம் மடமையைக் கீழ்ப்படிவு என்று எண்ணிக்கொள்கிறார். நன்றாக ஆடுபவரோ, 'கூட்டாளிக்குத் தெரிந்தது இவ்வளவு. இந்நிலையில் அவர் என்னிடம் எதை எதிர்பார்ப்பார்?' என்று தம்மையே வினவிக்கொள்கிறார்.

இளமையிலேயே இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்டிருந்தவர் மோல்ட்கே. 1866ஆம் ஆண்டு ஒஸ்திரியாவுடன் நடந்த போரில் பிரஷ்யாவின் படைகளை நெறிப்படுத்தியவர் அவரே. ஜூலை 3ஆம் திகதி கேனிக்கிறேற்ஸ் என்னுமிடத்தில் பெரும்போர் மூண்டது. பட்டத்து இளவரசரின் படை வடகிழக்கே நெடுந்தொலைவில் இருந்தது. தந்தித் தொடர்பு பயன்படவில்லை. வரவேண்டும் என்ற கட்டளையை முதல்நாள் இரவு குதிரைவீரனே சுமந்து சென்றான். விடியற்காலையில் அது இளவரசரின் பாசறையை அடைந்தது.

காலையில் பீரங்கிகள் முழங்கின. சுவீப் காட்டுக்குள் பிரான்செக்கி என்னும் தளபதியின் ஒரே பிரிவு, தன்னினும் பன்மடங்கு பெரிய ஒஸ்திரியப் படையை எதிர்த்து மணிக்கணக்காக நின்றது. மரங்களுக்கிடையே வீரர்கள் மடிந்துகொண்டிருந்தனர். இளவரசர் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்கு எவர் சொல்வார்? வருவார் என்ற நம்பிக்கையொன்றே இருந்தது. அவர்கள் பின்வாங்கியிருந்தால், இளவரசர் வந்து சேரும்போது அவருடன் கைகோக்க அவ்விடத்தில் எவரும் இருந்திரார். நண்பகலை அண்டி இளவரசரின் படை ஒஸ்திரியரின் வலப்புறத்தைத் தாக்கியது. மாலைக்குள் போர் முடிவடைந்தது.

இக்காலத்தில் வானொலி இருக்கையில் இம்மௌனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் கப்பல்களில் வானொலி இருந்தது. ஆயினும் நள்ளிரவில் டோர்ப்பிடோ வெடிக்கும் கணத்தில், காவற்கப்பல்கள் ஒன்றோடொன்று ஆலோசிக்க அவகாசம் ஏது?

1942ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரில், காச நோயால் கடற்படையிலிருந்து விலக்கப்பட்டிருந்த கில்பர்ட் றொபர்ட்ஸ் என்பவர் ஒரு பயிற்சிக் கூடத்தை அமைத்தார். அதன் தரையே அத்திலாந்திக் சமுத்திரம். கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள் சுண்ணக்கட்டியால் கப்பல்களின் போக்கை அதில் வரைந்தனர். காவற்கப்பல் அதிகாரிகள் கித்தான் திரைகளுக்குப் பின்னால் நின்று, சிறு துளையின் வழியே பார்த்தனர். தம் கப்பலிலிருந்து எவ்வளவு காணலாமோ அவ்வளவே அவர்களுக்குக் காட்டப்பட்டது. நீர்மூழ்கிகளின் தடம் அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத பச்சை நிறத்தில் வரையப்பட்டது.

அக்கூடத்தில் உருவான உபாயமொன்றுக்கு 'ராஸ்பெரி' என்று பெயர். அச்சொல் கிடைத்ததும் காவற்கப்பல்கள் வாணிபக் கப்பல் கூட்டத்தின் பின்புறத்தில் அணிவகுத்து, கடலடியில் எதிரியைத் துழாவ வேண்டும். மற்றக் கப்பல்கள் இருளில் என்ன செய்கின்றன என்பதைக் காணாமலே ஒவ்வொரு தலைவரும் அறிந்திருந்தார். பேச வேண்டியவற்றையெல்லாம் அவர்கள் கரையிலேயே பேசி முடித்திருந்தனர்.

ஆட்டம் முடிந்ததும் அதிகாரிகளைத் திரைக்கு முன்னே அழைத்துத் தரையைக் காட்டுவார்கள். எதிரி எங்கே புகுந்தான், பக்கத்துக் கப்பல் தனக்காக எங்கே வந்து நின்றது என்பதை ஒவ்வொருவரும் அப்பொழுதுதான் முதன்முறையாகக் கண்டனர்.