ஆர்கிட் செடி பூக்க என்னென்ன வேண்டும்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலையடிவாரத்துக் குழுக்கள் இரண்டு ஆர்கிட் வளர்க்கக் கடன் கேட்டு மனு கொடுத்திருக்கின்றன. ஏற்கெனவே சில வீடுகளில் நாலு தொட்டி வாங்கித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அங்கே போனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "செடி பச்சைப்பசேல்னு நல்லாத்தான் இருக்கு, ஆனா பூக்க மாட்டேங்குதே, ஏன்?"

நாம் விற்பனைக்கு வளர்க்க நினைக்கும் டெண்ட்ரோபியம் காட்டில் மரக்கிளையில் ஒட்டி வளர்கிற இனம். புல்லுருவி மாதிரி மரத்துச் சாறை உறிஞ்சாது. கிளையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மழைநீரும் காற்றில் இருக்கிற ஈரமும்தான் அதற்குத் தண்ணீர். வேருக்குக் காற்று வேண்டும். அதனால் மல்லிகைக்குப் போடுவது போல செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு நட்டால் வேர் அழுகிவிடும். கரித்துண்டு, உடைத்த ஓடு, தேங்காய் மட்டைத் துண்டு, இவை போதும்.

இப்போது பூக்காத விஷயத்துக்கு வருவோம். இலை கரும்பச்சையாக இருந்தால் சந்தோஷப்படாதீங்க. வெளிச்சம் போதவில்லை என்று செடி சொல்கிறது. புளியமரத்தடியிலும் தாழ்வாரத்து மூலையிலும் தொங்கும் செடி இலையாக விட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. இலை இளம்பச்சையாக இருந்தால் வெளிச்சம் சரி. மஞ்சளாகி, நடுவில் தீய்ந்த மாதிரி பழுப்புத் திட்டு வந்தால் வெயில் அதிகம். டெண்ட்ரோபியத்துக்குப் பொதுவாக 50 சதவீத நிழல்வலை கட்டுகிறார்கள். கடும் வெயில் ஊரில் கோடையில் 75 சதவீத வலையும் தேவைப்படும். அதை மழைக்காலத்திலும் அப்படியே விட்டுவிட்டால் மறுபடி இருட்டுதான். நிழல்வலை கட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். இலையைப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

அடுத்து வெப்பம். கடையில் அகல இலையோடு, பட்டாம்பூச்சி மாதிரிப் பூவோடு ஒரு செடி விற்கிறார்கள். அது பெலனாப்சிஸ். இரண்டு மூன்று மாதம் பூ நிற்கும். அடுத்த வருஷம் பூக்காது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறோம். விஷயம் வேறே. ஏறக்குறைய 25, 26 டிகிரிக்கு மேல் போகாத குளிர்ச்சி சில வாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் அது பூங்காம்பு விடும். நம் சமவெளிக்கு அந்தக் குளிர்ச்சி எங்கே? சிம்பிடியம் என்ற இனத்துக்கு இன்னும் குளிர் வேண்டும். சிக்கிமிலும் டார்ஜிலிங் பக்கத்திலும் அது செழிக்கிறது. ஆர்கிட்டுக்கான தேசிய ஆராய்ச்சி மையமே 1996-இல் சிக்கிமில் பாக்யோங் என்ற ஊரில்தான் தொடங்கினார்கள். நம் மாநிலத்தில் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்கிட் தோட்டம் இருக்கிறது. அது மலை ஊர். அங்கே வளர்வதைப் பார்த்துவிட்டு இங்கே வாங்கி வைக்கக் கூடாது. கீழே இருக்கிற நமக்கு டெண்ட்ரோபியம்தான் ஒத்துவரும். கேரளத்தில் வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் பெண்கள் பலர் வளர்த்து விற்பது இதைத்தான்.

ஆனால் கேரளத்துக் காற்றில் இருக்கிற ஈரம் நம்மிடம் கிடையாது. காற்றில் ஈரம் 70 சதவீதமாவது இருந்தால்தான் நல்லது. சித்திரை, வைகாசி அனல்காற்றில் மொட்டு மஞ்சளாகி உதிரும். தொட்டிகளுக்குக் கீழே மணல் பரப்பி நனைத்து வைக்கலாம். செடிக்குக் காலையிலேயே தண்ணீர் தெளித்துவிடுங்க. பொழுது சாய்ந்து தெளித்தால் ராத்திரி முழுக்க ஈரம் தங்கி அழுகல் வரும். வேர் வெள்ளையாக இருந்தால் காய்ந்திருக்கிறது, நனைந்ததும் பச்சையாகும். இதைப் பார்க்கப் படிப்பு எதுவும் வேண்டாம்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேரில் வெள்ளையாகப் படியும், வேர்நுனி கருகும். குடத்தில் பிடித்த மழைத்தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. உரம் லிட்டருக்கு 1 கிராம் கரைத்து வாரம் ஒரு தடவை தெளித்தால் போதும். தழைச்சத்தே கொடுத்துக்கொண்டிருந்தால் இலைதான் வரும். தண்டு முற்றிய பிறகு தழைச்சத்தைக் குறைத்து மணிச்சத்து, சாம்பல்சத்தைக் கூட்ட வேண்டும்.

இன்னொன்று. விறகடுப்புப் புகை படும் இடத்திலும், வாழைத்தார் பழுக்க வைக்கிற அறைக்குப் பக்கத்திலும் தொட்டியை வைக்காதீங்க. புகையிலும் பழத்திலும் இருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் மொட்டு உதிரும், பூ வாடும்.

சரி, கடனுக்கு வருகிறேன். திசு வளர்ப்புச் சின்னக் கன்று வாங்கினால் முதல் பூவுக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகலாம். வங்கித் தவணை அதுவரை காத்திருக்குமா? பூக்கும் பருவத்துச் செடி சீக்கிரம் காசு தரும், ஆனால் விலை அதிகம். சந்தையில் தாய்லாந்திலிருந்து இறக்குமதியாகும் பூவோடும் போட்டி போட வேண்டும். வெனிலாவும் ஆர்கிட் குடும்பம்தான். 2003 வாக்கில் அதன் விலை எங்கேயோ ஏறியது, பலரும் ஓடிப்போய் நட்டார்கள், விலை சரிந்ததும் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள்.

அதனால் என் யோசனை இதுதான். இப்போதைக்கு வங்கிக் கடன் வேண்டாம். உள்கடனில் ஆளுக்கு ஐந்து தொட்டி வாங்குங்க. ஒரு கோடை, ஒரு மழைக்காலம் பாருங்க. எந்த வீட்டில் பூத்தது, எந்த இடத்தில் தொங்கியது, எத்தனை காம்பு வந்தது என்று தீர்மான நோட்டிலேயே எழுதி வையுங்க. முக்கால்வாசிப் பூ மலர்ந்த காம்பைக் காலையில் வெட்டி, அலங்காரம் செய்கிறவர்களிடம் காட்டி விலை கேளுங்க. காட்டில் இருந்து மட்டும் செடி பறிக்காதீங்க, வழக்காகிவிடும்.

மனு கொடுத்த இரண்டு குழுவினரும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் போர் தண்ணீரை ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்து, பேர் எழுதிக் கொண்டு வாருங்கள். பரிசோதனைக்குச் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.