ரக்பியும் வானொலியும்



1927 ஜனவரி 15 அன்று டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்தும் வேல்ஸும் மோதிய ரக்பிப் பந்தயத்தை வேக்லம் என்பார் பி.பி.சி. வானொலியில் வருணித்தார். எண்ணிட்ட கட்டங்கள் கொண்ட மைதானப் படத்தைக் கையில் வைத்து, பந்து எக்கட்டத்தில் உளதென நேயர்கள் அறிந்தனர்.

நம் நகரிலும் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் ரக்பி ஆடப்படுகிறது. 2006 முதல் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த உரிமம் கோரலாம். மாஹிம்வாழ் தமிழராகிய நாம் அத்தகைய வானொலியில் நம் பிள்ளைகளின் ஆட்டத்தைத் தமிழில் வருணித்தால் என்ன? இந்தியிலேயே விடைகூறும் பேரன், பாட்டி கேட்கிறாள் என்றால் தமிழ்ச்சொல் தேடுவான் அன்றோ?

ரக்பியில் பந்தைக் கையால் முன்னே எறியலாகாது. பின்வருவோரிடமே தருதல் வேண்டும். தாய்மொழியும் அத்தகையதே. தவறவிடாது தருவோமாக.