பங்கா, சோறா?



பார்வையின்மை எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதற்கு ஊர் சொல்லும் காரணம்தான் மாறுகிறது. காரணம் மாறும்போது அந்த மனிதருக்குக் கிடைக்கும் இடமும் மாறிவிடுகிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த நினைவுப் பேருரையில் நாம் பேசப்போகிறோம்.

மனுநூலின் 11ஆம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. முற்பிறவியில் விளக்கைத் திருடியவர் பார்வையற்றுப் பிறப்பாராம், விளக்கை அணைத்தவர் ஒற்றைக் கண்ணோடு பிறப்பாராம். சேரியில் பிறந்ததற்கு நம்மிடம் சொன்ன அதே கணக்குதான். 9ஆம் அத்தியாயம் இன்னும் வெளிப்படை. பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் வாய் பேசாதவருக்கும் சொத்தில் பங்கு கிடையாது, சோறும் துணியும் போதும் என்கிறது. இது ஏட்டோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் நீதிமன்றங்களும் இந்த மரபை இந்து வாரிசுரிமையாக ஏற்றன. இதைப் பெரும்பாலும் நீக்க 1928இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 25 அன்றுதான் மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுநூல் எரிந்தது. பங்கு கேட்டவருக்குச் சோறு போட்டு அனுப்பும் தந்திரம் நமக்குத் தெரியாததா?

தமிழ்ப் பக்திக் கதைகளையும் பார்த்துவிடுவோம். பெரியபுராணத்துத் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்து திருவாரூர்க் குளத்தைத் தோண்டியவர். அந்த உழைப்போடு கதை நின்றிருந்தால் நமக்குப் பிடித்திருக்கும். முடிவில் அவருக்குப் பார்வை வருகிறது, ஏளனம் செய்த சமணருக்குப் பார்வை போகிறது. சத்தியம் மீறிய சுந்தரருக்கும் கண் போய்த் திரும்புகிறது. அருளுக்கும் தண்டனைக்கும் நடுவில், பார்வையில்லாத ஒருவர் அப்படியே வாழ்ந்துவிட்டுப் போக அங்கே இடமில்லை.

ஜப்பானில் வேறு மாதிரி. அங்கே பார்வையற்ற ஆண்களுக்குத் தோதோசா என்ற சங்கம் இருந்தது. பிவா வாசித்துக் கதை பாடினார்கள். பிறகு உடம்பு பிடித்துவிடுவதும் அக்குபங்சரும் அவர்கள் தொழிலாயின. பார்வையற்ற சுகியாமா வாஇச்சி 17ஆம் நூற்றாண்டில் அக்குபங்சர் பள்ளியே நடத்தினார். இதையும் சொர்க்கமாக்க வேண்டாம். சங்கத்துக்குள் பதவிகள் காசுக்கு விற்கப்பட்டன. 1871இல் மெய்ஜி அரசு இச்சங்கத்தைக் கலைத்தது. புராக்குமின் மக்களின் இழிபெயர்களை ஒழித்த ஆணையும் அதே ஆண்டுதான். இரு தரப்பாரும் பழைய தொழிலுரிமையை இழந்தார்கள். இழிவை நீக்கிய அரசு பிழைப்புக்கு வழி செய்யவில்லை.

இங்கே அரசு பெயரை மாற்றுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. 2015 டிசம்பரில் பிரதமர் 'திவ்யாங்' என்றார். 'அரிஜன்' கேட்ட காது நமக்கு.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம். பட்டியல் சாதியரில் 2.45 சதவீதம். சத்துக்குறைவு, ஆபத்தான வேலை, எட்டாத மருத்துவமனை எல்லாம் உடம்பில் எழுதும் கணக்கு இது. இதற்கு முற்பிறவி வேண்டாம், இப்பிறவியே போதும்.

2021 ஏப்ரலில் ஆந்திர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறவியிலேயே பார்வையற்ற தலித் பெண், பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர். குற்றவாளியைக் குரலால் அடையாளம் காட்டினார். ஊனமுற்றவரின் சாட்சியம் தாழ்ந்ததல்ல என்று நீதிமன்றம் ஏற்றது. சாதி, பாலினம், பார்வையின்மை மூன்றும் பின்னிக்கிடக்கும்போது ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுவது கடினம் என்றும் விரிவாக எழுதியது. எழுதிவிட்டு, சாதியின் காரணமாகவே நடந்ததென நிரூபிக்கவில்லை என்று வன்கொடுமைச் சட்டத் தண்டனையை ரத்து செய்தது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனை மட்டும் நின்றது.

அந்தக் குற்றம் நடந்தபோது இருந்த பழைய வாசகம் அது. 2016 ஜனவரி முதல், பட்டியல் சாதியர் என்று தெரிந்திருந்தாலே போதும். 2016ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் 92ஆம் பிரிவு இருக்கிறது. பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. நம் வன்கொடுமைச் சட்டத்தின் வாசகத்தை அப்படியே ஒத்தது. தோழர்களே, காவல் நிலையத்தில் முதல் புகார் எழுதும்போதே இரண்டு சட்டங்களையும் சேர்த்து எழுதுங்கள். குற்றவாளிக்குச் சாதி தெரியும் என்பதையும், எப்படித் தெரியும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.