உறக்கமும் உயிரும்

(புக்கிட் பாத்தோக்கில் அன்பர்களிடையே ஆற்றிய உரை)



மனிதனுக்கு உறக்கம் எதற்கு? உடம்பு களைத்துவிடுகிறது, அதனால் என்போம். நம் சமயம் இன்னும் ஒரு படி உள்ளே சென்று பார்க்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் உயிரின் ஐந்து நிலைகளைப் பேசுகிறது. நனவில் உயிர் புருவ நடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படும். கனவில் கழுத்துக்கு இறங்கும், கருவிகள் 25. உறக்கத்தில் இதயத்துக்கு இறங்கும். அங்கே 3 மட்டுமே. இதற்கும் அப்பால் பேருறக்கம், உயிர்ப்படக்கம் என இரண்டு உண்டு என்பர் உரைகாரர்.

உறக்கத்தில் ஐந்தறை வீட்டுக்காரர் யார், மூவறை வீட்டுக்காரர் யார்? முதலாளி யார், தொழிலாளி யார்? எல்லாம் ஒடுங்கிவிடுகிறது. அப்படியானால் உறக்கமே முத்தியா? அன்று. ஆணவ இருள் அப்படியே இருப்பதால்தான் நேற்றைய கோபத்தோடு இன்று எழுகிறோம். ஆயினும் உறக்கம் ஒரு பாடம் புகட்டுகிறது: கண்ணும் காதும் மனமும் நம் உடைமை அல்ல, இறைவன் தந்த இரவல். இரவில் ஒப்படைக்கிறோம், காலையில் திரும்பப் பெறுகிறோம். அதனால்தான் வள்ளுவர் உறக்கத்தைச் சாவுக்கும் விழிப்பைப் பிறப்புக்கும் ஒப்பிட்டார்.

மதுரையில் இரவுதோறும் சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் மீனாட்சியம்மையின் பள்ளியறைக்கு எழுந்தருள்கின்றன. திருவரங்கத்துப் பெருமாள் கொண்டிருப்பது அறிதுயில். உறக்கம் வேண்டாத இறைவனுக்கே நாம் பள்ளியறை அமைக்கிறோம். உடம்பையே ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அந்த ஆலயத்துக்கு நடை சாத்தும் நேரம் வேண்டாமா? சிவராத்திரியில் விழித்திருக்கிறோம், அது ஓர் இரவு நோன்பு. அளவாக உறங்கி அளவாக விழிப்பவனுக்கே யோகம் கைகூடும் என்பது கீதையின் வாக்கு.

இங்கே புக்கிட் பாத்தோக் அடுக்குமாடிகளில் நள்ளிரவு கடந்தும் விளக்கு எரிகிறது. துணைப்பாடம் முடிந்து, பாடம் எழுதி, கைத்தொலைபேசியும் பார்த்து நம் பிள்ளைகள் படுக்கும்போது மணி என்ன? தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 9 மணி நேர உறக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர் பக்கத்து வீட்டில் இருக்கலாம். நம் வீட்டுப் பணிப்பெண்ணும் அதிகாலை எழுந்தவர்தான். அன்னதானம் செய்து புண்ணியம் தேடும் நாம், பிறர் உறக்கத்தைப் பறிக்காதிருப்பதையும் அறமாகக் கொள்வோம்.

இன்றிரவு படுக்குமுன் திருநீறு அணிந்து ஐந்தெழுத்தை ஓதுங்கள். கருவிகளைத் தந்தவனிடமே ஒப்படைத்து நிம்மதியாக உறங்குங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அருள் யாவர்க்கும் கிட்டுவதாக.