தொடங்கினோம்... முடித்தோமா?

(சரவணம்பட்டியில் நடைபெற்ற மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சாப்ளின் ஐயா ஆற்றிய உரை)



அன்னூரிலிருந்தும் கோவில்பாளையத்திலிருந்தும் சத்தி ரோட்டு நெரிசலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். நீண்ட பிரசங்கம் செய்து உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டோம். இன்றைக்கு ஒரு பாவ அறிக்கை மட்டும் செய்ய விரும்புகிறோம். 'நாங்கள்' என்று சொல்லும்போது சாப்ளினையும் சாப்ளின் வீட்டு அம்மாவையும் சேர்த்தே சொல்கிறோம். குற்றம் இருவருடையது. ஆகவே அறிக்கையும் இருவர் பேரில்தான்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கிறது. மதுரை அரசரடியில் இறையியல் படித்த நாட்களில் புத்தகங்கள் வைத்திருந்த பெட்டி. இப்போது அதில் புத்தகம் இல்லை. உல்லன் நூலும் பின்னல் ஊசிகளும்தான் இருக்கின்றன. சென்ற மார்கழியில் அந்தப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து எண்ணிப் பார்த்தோம். தொடங்கி முடிக்காத பின்னல் வேலைகள் பதினேழு! முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு கையும் முடிந்து, இன்னொரு கை இல்லாத ஸ்வெட்டர் ஒன்று. ஜோடி இல்லாத ஒற்றைக் காலுறை இரண்டு. பேரனுக்காக அவன் பிறப்பதற்கு முன் தொடங்கிய போர்வை ஒன்று. அவன் இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான். மாம்பழ மஞ்சள் நிறத்தில் பாதிச் சால்வை ஒன்று. அதைப் பற்றிக் கடைசியில் சொல்லுவோம். இவற்றோடு குழந்தைத் தொப்பிகள் ஏழு. ஏழில் ஒன்றுகூட முடிந்தது இல்லை.

இந்தப் பழக்கம் எங்களுக்குக் குன்னூரில் வந்தது. இளம் வயதில் அங்கே சபை ஊழியம் செய்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா அம்மாவுக்குப் பின்னல் கற்றுக் கொடுத்தார்கள். தை மாதக் குளிரில் வெளியே போக முடியாமல் அடுப்பருகே உட்கார்ந்திருந்த போதகரும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆண்பிள்ளை ஊசி பிடிப்பதா என்று சபையார் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு மப்ளர் கேட்டு வந்தார்கள்.

சமவெளிக்கு மாறி வந்தபோது இனி ஸ்வெட்டருக்கு வேலை இல்லை, இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் ஆசை விடவில்லை. டவுன்ஹால் பக்கம் காய்கறி வாங்கப் போனால் நூல் கடை கண்ணில் படும். புதிய நிறத்தைக் கண்டால் வாங்காமல் வர மாட்டோம். புதிய மாதிரி ஒன்றைக் கண்டால் அன்றிரவே அறுபது கண்ணி ஏற்றி விடுவோம். முந்தின வேலை ஊசியில் நிற்கிறதே என்று கேட்டால், அதற்கென்ன, இன்னொரு ஜோடி ஊசி வாங்கினால் போயிற்று என்போம்.

பின்னல் தெரிந்த சகோதரிகளுக்கு இதன் இரகசியம் தெரியும். முதல் நாலு விரற்கடை மிகவும் இனிமையாக இருக்கும். நடுப்பகுதி சலிப்பு. முடிவு அதைவிடச் சலிப்பு. துண்டுகளைப் பொருத்தித் தைக்க வேண்டும். கழுத்துக்குக் கண்ணி எடுக்க வேண்டும். தொங்குகிற நூல் முனைகளையெல்லாம் ஊசியால் உள்ளே கோத்து மறைக்க வேண்டும். அந்த வேளையில்தான் புதிய நூல் நம்மைக் கூப்பிடும். ஒருவனே நாலு காட்டிலும் உழவு ஓட்டிவிட்டு ஒரு காட்டிலும் களை எடுக்காமல் விட்டால் ஊரார் என்ன சொல்வார்கள்? எங்கள் டிரங்குப் பெட்டியை ஊரார் பார்க்கவில்லை. அதனால்தான் இத்தனை காலம் தப்பித்தோம்.

இது ஒரு வீட்டு வேடிக்கையாகவே இருந்திருக்கும். ஆனால் ஐப்பசியில் எங்கள் லேபர் வார்டு சிஸ்டர் ஓர் உதவி கேட்டார்கள். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பருத்தி நூலில் தொப்பி வேண்டும் என்றார்கள். "கிறிஸ்துமஸுக்குள் இருபத்தைந்து தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்தோம். கேட்டது ஒரு டஜன். நாங்கள் சொன்னது இருபத்தைந்து. ஆர்வக்காரர்கள் எப்போதும் அப்படித்தான்.

தொப்பி ஏன் என்று சிலருக்குத் தோன்றலாம். பச்சைக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. அந்தத் தலை வழியாக உடல் சூடு வேகமாக வெளியேறும். 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் மூச்சும் பால் குடிப்பதும் பாதிக்கப்படும். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில், 1970-களின் இறுதியில் எட்கர் ரே என்ற டாக்டர் ஒரு வழி கண்டார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பதுபோல, தாயின் வெறும் நெஞ்சோடு குழந்தையை அணைத்துக் கட்டிவைப்பது. இன்று உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது. அப்படிக் கட்டி வைக்கும்போது குழந்தைக்கு உடுப்பு கொஞ்சம்தான்: இடுப்புத் துணி, காலுறை, தலையில் தொப்பி.

மார்கழியில் ஓர் இரவு 1,400 கிராம் எடையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வாடைக் காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஆள் அனுப்பினார்கள்: "ஐயா, சொன்ன தொப்பியில ஒண்ணு இருக்குதுங்களா?"

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தோம். ஏழு தொப்பி, ஏழு நிறம். ஒன்றுக்கும் உச்சி இல்லை. வெட்கத்தோடு வார்டுக்குத் திரும்பினோம். அதற்குள் சிஸ்டர், மாவுக்கட்டுக்கு அடியில் போடும் குழாய்போன்ற ஸ்டாக்கினெட் துணியில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை இறுக்கிக் கட்டி, குழந்தையின் தலையில் மாட்டிவிட்டிருந்தார்கள். "இது போதுமுங்க ஐயா, நீங்க வருத்தப்படாதீங்க" என்றார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆனால் வராந்தாவில் அந்தப் பிள்ளையின் பாட்டி உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி, பத்து நாளாக அங்கேயே காவல் இருந்தவர்கள். ஜெபிக்க வரும்போதெல்லாம் எங்கள் கையில் ஊசியும் நூலும் இருந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எங்களைப் பார்த்து, குற்றம் சொல்லும் குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் கேட்டார்கள்: "ஏனுங்க சாமி, இத்தன நாளா பின்னிட்டே இருந்தீங்களே, அது எந்தக் கொழந்தைக்குங்க?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவுதான் பெட்டியைத் தரையில் கவிழ்த்தோம். தொடங்குகிற சந்தோஷம் தொடங்குகிறவருக்கு உரியது; முடிக்கிற வேலைதான் காத்திருக்கிறவருக்கு உரியது என்று அன்று கண்டோம். அத்தனை நாளும் நாங்கள் எங்களுக்காகவே பின்னிக்கொண்டிருந்தோம்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது என்ன? அவர்களுக்காக அவள் செய்து கொடுத்த உடுப்புகளை. நாங்கள் அன்று மரித்திருந்தால் எங்களுக்காக யார் எதைக் காட்டியிருப்பார்கள்? ஒற்றைக் காலுறையையா?

நம் நாட்டுச் சரித்திரத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற பணத்தால் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற பெண்கள் உண்டு. பாதி பின்னிய லேஸை எவரும் விலைகொடுத்து வாங்க மாட்டார்கள். அந்தப் பெண்களுக்குக் கடைசி அங்குலம் என்பது பொழுதுபோக்கு அல்ல. அவர்களுடைய மீட்பின் கிரயம்.

அந்த அம்மையாரின் மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கும் லேஸ் வேலை தழைத்தது. அதே இடையன்குடியில் கால்டுவெல் 1847-இல் தொடங்கிய ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. முப்பத்து மூன்று ஆண்டுகள்! ஆகவே தாமதம் பாவம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பணம் இல்லாமல் நிற்கலாம், சுகவீனத்தால் நிற்கலாம். ஆனால் அந்த ஆலயத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இன்னும் பதினாறு அஸ்திவாரம் போடவில்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமை, நூல் கடை வாசலில் நிற்கிறவர்களுக்கும் பொருந்தும்.

சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று குரோஷே பின்னும் சகோதரிகள் ஒன்றுகூடி 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை அமைத்து கின்னஸ் சாதனை செய்தார்கள். பலர் தத்தம் வீட்டில் பின்னிய சிறு சிறு போர்வைகளை ஒன்றாக இணைத்த வேலை அது. பிறகு அவற்றை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய சாதனையானாலும், அதில் சேர்ந்தது முடித்த துண்டுதான்.

பெட்டியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மூன்று குவியலாகப் பிரித்தோம். முதல் குவியல், முடிக்க வேண்டியவை: தொப்பிகள் ஏழும், பேரனின் போர்வையும், மஞ்சள் சால்வையும். இரண்டாவது, பிறரிடம் கொடுக்க வேண்டியவை. கையில்லாத ஸ்வெட்டரை ஒரு சகோதரி வாங்கிப்போய் ஒரே வாரத்தில் கை வைத்துக் கொண்டுவந்தார்கள். இத்தனை நாள் கேட்காமல் இருந்தது எங்கள் பெருமைதான். மூன்றாவது, அவிழ்க்க வேண்டியவை. அவிழ்ப்பது மனதுக்குக் கஷ்டம். ஆனால் நூல் வீணாவதில்லை. அவிழ்த்த நூல் சுருண்டு சுருண்டு இருக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, லேசான கனம் கட்டித் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். முடிக்க மாட்டோம் என்று தெரிந்ததை ஒப்புக்கொண்டு அவிழ்ப்பதும் ஒருவித முடிவுதான்.

ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம். ஆளுக்கு ஒரு வேலை, அதற்கு மேல் ஊசியில் ஏறக் கூடாது. தை பிறக்குமுன் இருபத்தைந்து தொப்பியும் சிஸ்டரிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பேரப்பிள்ளை பாட்டியின் கையில் வீட்டுக்குப் போனான்.

பின்னிக் கொடுக்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பருத்தி நூலே வேண்டும். திருப்பூர் பக்கம் மிருதுவான நூல் கோன் கணக்கில் கிடைக்கிறது. மருத்துவமனையில் வெந்நீரில் துவைப்பார்கள், கம்பளி சுருங்கிவிடும். பொத்தான், ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, நூல் முனைகளை உள்ளே கோத்து முடியுங்கள். காலுறைக்கும் கையுறைக்கும் உள்ளே தொங்கும் ஒரு நூல், பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக் கூடும். நாங்கள் சலிப்பு என்று ஒதுக்கிய அந்தக் கடைசி வேலையில்தான் குழந்தையின் பாதுகாப்பு இருக்கிறது.

அன்பான ஆதரவாளர்களே, இதில் மருத்துவமனைக்கும் ஒரு பாடம் உண்டு. புதிய கருவி வாங்கக் காணிக்கை கேட்டால் மகிழ்ச்சியோடு தருகிறீர்கள். கல்வெட்டில் பேரும் வரும். பழைய வார்மரைப் பழுதுபார்க்கவும், இரவு நேரச் சிஸ்டரின் சம்பளத்துக்கும் கேட்க எங்களுக்கே கூச்சமாயிருக்கிறது. அதுவும் நூல் முனையைக் கோத்து முடிக்கிற வேலைதான். அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாப்ளினுக்கும் பாடம் உண்டு. நாளைக்கு வந்து ஜெபிக்கிறோம் என்று எத்தனை கட்டிலருகே சொல்லிவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறோம்!

அந்த மஞ்சள் சால்வை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த ஒரு தாயார், ஊசி மருந்து ஏறும்போதெல்லாம் தோள் நடுங்குகிறது என்றார்கள். நிறத்தையும் அவர்களே சொன்னார்கள். தொடங்கினோம். இடையில் வேறு இரண்டு வேலை தொடங்கினோம். பாதி வந்தபோது அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். முடிக்கவும் மனம் வரவில்லை, அவிழ்க்கவும் மனம் வரவில்லை. நான்கு வருடம் பெட்டியின் அடியில் கிடந்தது. ஊசி நின்ற வரிசையில் ஒரு கோடு விழுந்துவிட்டது. துவைத்தாலும் அது முழுவதும் போகாது என்று நினைக்கிறோம்.

இப்போது எங்கள் ஊசியில் அதுதான் இருக்கிறது. இன்னும் ஒரு சாண் பாக்கி. அந்தத் தாயாருக்கு இனி அதைக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டில் காலியாக இல்லை. இன்று அதில் படுத்திருப்பவருக்கும் குளிர்கிறது.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கர்த்தர்தாமே நம் கைகளின் வேலையை முடிக்கப் பெலன் தருவாராக. ஆமென்.