ஒத்த சொல்லும் ஒவ்வாப் பொருளும்



ஆங்கிலத்தில் விண்ணப்பமோ அறிக்கையோ வரைய நேரும்போது நாம் பெரிதும் அஞ்சுவது இலக்கணப் பிழைக்கே. இலக்கணம் வழுவாத வசனத்திலும் பொருந்தாத ஒரு சொல் புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடக்கூடும் என எண்ணுவோர் சிலரே. ஒரே பொருள் தருவனபோலத் தோன்றும் சொற்களுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி, கியூபாவுக்குத் தாக்குதற் படைக்கலங்கள் கொண்டுசெல்லும் கப்பல்களைத் தடுக்கப்போவதாக அமெரிக்க சனாதிபதி கென்னடி அறிவித்தார். கடல்வழியை அடைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் பிளொக்கேட் என்பது. ஆயின், சர்வதேசச் சட்டத்தில் அது யுத்தச் செயலாகக் கொள்ளப்படும். ஆகவே அவர் குவாரண்டீன் என்ற சொல்லை எடுத்தாண்டார். நோய் பரவாதபடி கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கிவைத்த பழைய வழக்கத்திற் பிறந்த சொல் அது. கப்பலைத் தடுப்பது என்ற செயல் ஒன்றே. யுத்தம் தொடங்கிவிட்டது என்று பொருள்படும் சொல் மாத்திரம் தவிர்க்கப்பட்டது.

2015ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி பாரிஸ் நகரிலே காலநிலை உடன்படிக்கை நிறைவேறவிருந்தது. புவியை வெப்பமாக்கும் வாயுக்களைக் குறைப்பதில் வளர்ச்சியடைந்த நாடுகள் முன்னிற்பதுபற்றிய வாசகத்தில், இறுதி வரைவிலே ஷல் என்ற சொல் இருந்தது. அமெரிக்கத் தூதுக்குழு அதற்கு இணங்கவில்லை. ஷல் சட்டக் கடமையை விதிப்பது. ஷுட் செய்யத்தக்கதைச் சுட்டுவது. கடமையென எழுதினால் தம் நாட்டுச் செனற் சபையின் சம்மதம் வேண்டிவரும் என்பது அவர்களது அச்சம். வரைவில் நேர்ந்த தவறு என்று திருத்தம் வாசிக்கப்பட்டது. ஷுட் என்ற சொல்லுடனேயே உடன்படிக்கை நிறைவேறியது.

இதிற் சங்கங்களுக்கும் பாடமுண்டு. பொருளாளர் ஆண்டுக் கணக்கைச் சபைமுன் வைப்பதுபற்றிய விதியில் ஷல் என்று எழுதினால், அவர் வைத்தே தீரவேண்டும். மே என்று எழுதினால், வைப்பதும் விடுவதும் தம் விருப்பம் என்று வாதாட இடமுண்டாகும். சந்தா செலுத்திய அங்கத்தவரின் உரிமை அவ்வொரு சொல்லிலே தங்கியிருக்கிறது.

கூறியது கூறாதே என்று பள்ளிக்கூடத்திலே கற்கிறோம். கட்டுரைக்கு அது அழகு. விதிக்கு அதுவே ஆபத்து. ஒரு விதியில் மெம்பர் என்றும் அடுத்ததிற் சப்ஸ்கிரைபர் என்றும் எழுதினால், அவர்கள் வெவ்வேறு வகுப்பினர் என்றே படிப்போர் கொள்வர். பொருள் ஒன்றாயின் சொல்லும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

ஆதலின், வாலிப அன்பர்களே, அகராதியில் அருகருகே நிற்கின்றன என்பதற்காக ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைத்துவிடாதீர்கள். இச்சொல் யாரை, எதற்குக் கட்டுப்படுத்துகிறது என்று முதலிற் கேளுங்கள். வழக்கு வந்தால் எதிராளி இதனை எவ்வாறு படிப்பான் என்றும் எண்ணிப்பாருங்கள். அநுபவமுள்ள பெரியோரிடம் வரைவைக் காட்டித் திருத்தம் பெற நாணாதீர்கள். கையொப்பமிடுமுன் ஒரு சொல்லை மாற்ற ஒரு கணம் போதும். இட்டபின் அச்சொல்லே நம்மை ஆளும்.