முதல் பிரசவம் சிசேரியன். அடுத்த பிரசவம் எவ்வாறு?

(நமது ஜமாஅத்தின் சார்பில் பெண்களுக்காக நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால் துவங்குகின்றோம்.

 

பள்ளிவாசல் சார்பில் கூடும் கூட்டத்தில் பிரசவத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குத் தயக்கம் இருக்கக்கூடும். திருக்குர்ஆனின் பத்தொன்பதாவது அத்தியாயம் மர்யம் (அலை) அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கி நின்றதை இறைமறை மறைக்காமல் எடுத்துரைக்கிறது. ஆகவே, இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் இது 64 வரை செல்கிறது. எனவே, இங்கு அமர்ந்திருக்கும் இளம் தாய்மார்களில் பலர், அடுத்த குழந்தையைச் சுமக்கும்போது ஒரு கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். மீண்டும் சிசேரியனா, சுகப்பிரசவத்திற்கு முயல்வதா?

இக்கேள்விக்கு இரண்டு அவசரப் பதில்கள் நம்மிடையே உலவுகின்றன. 'ஒருமுறை ஆபரேஷன் என்றால் எப்போதும் ஆபரேஷன்தான்' என்பது ஒன்று. 'இந்த முறையாவது எப்படியேனும் நார்மலாகப் பெற்றுவிட வேண்டும்' என்பது மற்றொன்று. இரண்டுமே எல்லாப் பெண்களுக்கும் பொருந்தக்கூடியவை அல்ல.

பழைய விதி எங்கிருந்து வந்தது?

ஒருமுறை சிசேரியன் செய்தால் பின்பும் சிசேரியனே என்ற கருத்தை 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதினார். அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். அத்தழும்பு அடுத்த பிரசவ வலியின்போது பிரிந்துவிடும் ஆபத்து மிகுதி. 1920களில் கிளாஸ்கோ மருத்துவர் மன்ரோ கெர் போன்றோர், கருப்பையின் அடிப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினர். இன்று பெரும்பாலும் இம்முறையே கையாளப்படுகிறது. இத்தழும்பு பழைய தழும்பைக் காட்டிலும் உறுதியானது. விதி பிறந்த காரணம் பெரும்பாலும் மறைந்துவிட்டது; விதி மட்டும் நீடிக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது நமக்குப் பாடம். அங்கு முன்பு சிசேரியன் ஆன பெண்களில், 1996இல் நூற்றுக்கு 28 பேர் இயல்பாகப் பெற்றனர். தழும்பு பிரிந்த சம்பவங்களும் வழக்குகளும் பெருகவே, 2006இல் அது 9க்கும் கீழே இறங்கியது. 2010இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு அனைத்து ஆதாரங்களையும் ஆராய்ந்து, குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் உள்ள பல பெண்களுக்கு இயல்பான பிரசவ முயற்சி நியாயமான வழியே என்று முடிவு கூறியது.

இரு வழிகளின் நன்மையும் ஆபத்தும்

குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் உள்ள நூறு பெண்கள் இயல்பாகப் பெற முயன்றால், ஏறத்தாழ 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. முன்பு ஒருமுறையேனும் சுகப்பிரசவம் ஆகியிருந்தால் 85 முதல் 90 பேர் வரை கைகூடும். இவர்கள் விரைவில் எழுந்து நடமாடுகின்றனர். அடுத்தடுத்த கர்ப்பங்களுக்கும் அது நன்மையாகிறது.

எஞ்சிய 25 பேர் வலியையும் தாங்கி, அறுவை சிகிச்சைக்கும் உள்ளாகின்றனர். நாள் குறித்துச் செய்யும் சிசேரியனைவிட இவ்வாறு இடையில் செய்யப்படும் சிசேரியனில் சிக்கல் கூடுதல். மேலும், முயல்வோரில் ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குத் தழும்பு பிரிகிறது. அப்போது நிமிடங்களில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் குழந்தையின் மூளை பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம். தாயின் கருப்பையை அகற்ற நேரிடலாம். இருநூறில் ஒன்று என்பது சிறிய எண்தான். எனினும் அந்த ஒருவர் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மீண்டும் சிசேரியன் செய்தால் தழும்பு பிரியும் அச்சம் பெரும்பாலும் நீங்குகிறது. ஆனால், அதன் விலை அடுத்த கர்ப்பங்களில் தெரியவரும். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடிக்கொண்டால், அது பழைய தழும்பில் வேரூன்றிப் பிரிய மறுக்கலாம். பெரும் இரத்தப்போக்கை உண்டாக்கும் நிலை இது. அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, நஞ்சுக்கொடி கீழிறங்கிய பெண்களில் இவ்வாறு வேரூன்றுவது முதல் சிசேரியனின்போது நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61.

ஆகவே, இன்னும் எத்தனை குழந்தைகள் வேண்டும் என்ற கேள்வியை இரண்டாம் பிரசவத்திற்கு முன்பே கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள வேண்டும். இதுவே கடைசிக் குழந்தை என்போருக்கும், மூன்று நான்கு குழந்தைகளை விரும்புவோருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

யாருக்குப் பொருந்தும்? எங்கே முயலலாம்?

நெடுக்குக் கீறல் உள்ளவர்கள், முன்பு கருப்பை கிழிந்தவர்கள், நஞ்சுக்கொடி வாயை மூடியவர்கள் இயல்பான பிரசவத்திற்கு முயலலாகாது. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் முதன்முறை சிசேரியன் ஆனவர்களுக்கு நம்பிக்கை அதிகம். அக்காரணம் மீண்டும் வரவேண்டும் என்பதில்லை. வலி எடுத்தும் வழி திறக்காமல் போனவர்களுக்கு நம்பிக்கை சற்றுக் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். வயிற்றின் மேல்தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையில் இட்ட கீறலை அறிய முடியாது. அதைச் சொல்வது மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும்தான். நகை வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தும் நாம் இந்தக் காகிதத்தைத் தொலைத்துவிடுகிறோம்!

இம்முயற்சி வீட்டிலோ, இரவில் மருத்துவர் இல்லாத சிறிய நர்சிங் ஹோமிலோ செய்யத்தக்கது அன்று. அறுவை அரங்கு, மயக்க மருந்து நிபுணர், இரத்தம், குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் கண்காணிக்கும் கருவி ஆகியவை இரவும் பகலும் தயாராக உள்ள மருத்துவமனையே ஏற்றது. இவ்வசதிகள் இல்லாத இடத்தில் ஒரு மருத்துவர் 'ஆபரேஷன்தான்' என்று கூறினால், அது பணத்திற்காக என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கு அதுவே நேர்மையான பதிலாக இருக்கலாம்.

வலி தானாக வருவதே சிறப்பு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்திற்கு 5 பேருக்குக் கருப்பை கிழிந்தது. புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் வலி வரவழைக்கப்பட்டவர்களில் 24 பேருக்கு மேல் கிழிந்தது. எனவே, வலி வர ஊசியோ மாத்திரையோ தரும்போது, முன்பு சிசேரியன் ஆனதை உரக்கச் சொல்லுங்கள்.

சிசேரியனைத் தேர்ந்தெடுப்போரும் வேறு காரணமில்லையெனில் 39 வாரம் நிறையும் வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்கு முன் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் கூடுதல். வளைகுடாவிலிருந்து கணவர் வரும் விடுமுறைத் தேதிக்கு ஏற்பக் குழந்தையை முன்கூட்டியே எடுக்கச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிஞ்சு நுரையீரலுக்கு விடுமுறைக் கணக்கு தெரியாது.

மார்க்கமும் மனைவியின் சம்மதமும்

சிசேரியனுக்குச் சம்மதிப்பது ஈமானின் குறை என்றும், வலி தாங்காதவள் தாயே அல்ல என்றும் பேசுவோர் உண்டு. இது மார்க்கமும் அன்று, மனிதாபிமானமும் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். பிரசவத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று நபிமொழி கூறுவது அவளுடைய துன்பத்தின் மதிப்பை உணர்த்தவே. தடுக்கக்கூடிய மரணத்தில் நாம் அலட்சியமாக இருப்பதற்கு அல்ல.

பெண் மருத்துவரை நாடுவது நல்லது. கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கியதால்தான் 1885இல் சென்னையில் மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் கோஷா மருத்துவமனை உருவானது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குவது அதுவே. எனினும், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இருப்பவர் ஆண் மருத்துவர் என்பதற்காகத் தாமதிப்பது கூடாது. நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது.

குழந்தையின் பால்குடியை நிறுத்துவதற்கே பெற்றோர் இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சூரா பகரா வழிகாட்டுகிறது. பால்குடிக்கே மஷ்வரா வேண்டுமென்றால், அவள் உடலைக் கீறுவதற்கு அவளைக் கேட்க வேண்டாமா? மாமியார் ஒன்று சொல்ல, கணவர் துபாயிலிருந்து தொலைபேசியில் வேறொன்று சொல்ல, சுமப்பவள் மட்டும் வாய் திறவாமல் இருப்பது நியாயமாகாது. வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணின் சம்மதத்திற்குப் பதிலாகத் தாயின் சம்மதம்கூடச் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அவசரத்தில் கணவரின் அழைப்புக்காகக் காத்திருந்து நிமிடங்களை இழக்க வேண்டாம், அவளே கையெழுத்திடலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. முதல் சிசேரியனின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். இல்லையெனில் உடனே மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள்.

2. இரு பிரசவங்களுக்கும் இடையே 18 மாதமேனும் இல்லாவிட்டால் தழும்பு பிரியும் வாய்ப்புக் கூடுகிறது. இரண்டாண்டு பால்குடிக் காலத்தை அடுத்த கர்ப்பத்திற்கான இடைவெளியாகவும் கருதுங்கள்.

3. முடிவை வலி வந்தபின் எடுக்காதீர்கள். மருத்துவரைத் தொடக்கத்திலேயே கேளுங்கள்: எனக்கு இட்ட கீறல் எது? முதல் காரணம் மீண்டும் வருமா? இங்கு நள்ளிரவில் ஆபரேஷன் செய்ய முடியுமா?

4. சுகப்பிரசவத்திற்கு முயல்பவர் வலி தொடங்கியதும், நீர்க்குடம் உடைந்ததும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். வலிகளுக்கு இடையிலும் தழும்பில் விடாத வலி, இரத்தப்போக்கு, வந்துகொண்டிருந்த வலி திடீரென நிற்பது ஆகியவை அபாய அறிகுறிகள்.

5. ஜமாஅத் இளைஞர்கள் இரத்த வகைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அலுவலகத்தில் வைக்க வேண்டுகிறோம். எவ்வழியில் பெற்றாலும் பயன்படும் ஸதகா அது.

சகோதரிகளே! சுகப்பிரசவம் வெற்றியும் அன்று, சிசேரியன் தோல்வியும் அன்று. தாயும் சேயும் நலமாக வீடு திரும்புவதே நாம் தேடும் முடிவு. உண்மை அறிந்து, உரிய இடத்தைத் தேர்ந்து, அவள் மனமொப்பி எடுக்கும் முடிவு எதுவாயினும் குடும்பத்தார் அதற்குத் துணை நிற்போமாக.

வல்ல அல்லாஹ் நம் கர்ப்பிணிச் சகோதரிகளின் பிரசவத்தை இலேசாக்கி, ஸாலிஹான சந்ததிகளைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.